பார்சல் வராது, பணம் கேட்டு போன்தான் வரும்

திருமணத் தகவல் தளத்தில் பதிவு செய்திருக்கீங்களா? அப்போ இதைக் கொஞ்சம் கேளுங்க.

லண்டனில் டாக்டர் என்பார். ரெண்டு மாசம் காலையில் ‘குட் மார்னிங்’, ராத்திரி ‘சாப்பிட்டியா’. வீடியோ கால் என்றால் மட்டும் கேமரா ரிப்பேர். பக்கத்து ஊர் வரனுக்கே பத்துப் பேரிடம் விசாரிக்கிற நாம, இந்த வரனை ஒரு போட்டோவை வச்சு நம்பிடுறோம். அந்தப் போட்டோவை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்க; வேறு யாருடைய படமாவது இருக்கலாம்.

ஒருநாள், ‘உனக்கு நகையும் பவுண்டு நோட்டும் பார்சலில் அனுப்பியிருக்கேன்’ என்பார். அடுத்து, டெல்லி விமான நிலையச் சுங்கத்துறை என்று ஒரு பெண் பேசுவார். வரி 35,000 ரூபாய் கட்டணுமாம். கட்டினால் அபராதம், அப்புறம் வழக்கு என்று மிரட்டல். பார்சல் என்று ஒன்று கிடையவே கிடையாதுங்க.

சுங்கத்துறை தனிநபர் வங்கிக் கணக்கில் வரி கட்டச் சொல்லாது. அது அனுப்பும் கடிதத்தில் ‘டின்’ என்ற ஆவண அடையாள எண் இருக்கும். மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

பணம் போயிடுச்சா? வங்கிக்கு அப்புறம் போகலாம், முதலில் 1930-க்குப் போன் போடுங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன்னே சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு. வெட்கப்பட்டு சாட்டை அழிச்சுடாதீங்க, அதுதான் ஆதாரம்.

‘நானாத்தானே அனுப்பினேன், புகார் எடுப்பாங்களா?’ என்ற தயக்கமும் வேண்டாம். இணையத்தில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.