கண் முன்னே பறக்கும் பூச்சி

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைப் பற்றியே உங்களிடம் பேசிப் பழகியவன் நான். இன்று கண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். நான் டாக்டர் அல்லன். டாக்டர்களிடம் கேட்டறிந்ததையும், என் குடும்பத்தில் பட்டறிந்ததையும் உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

என் தமையனார் விவசாயி. இளமை முதலே அவருக்குக் கிட்டப்பார்வை, எனக்கும் அப்படியே. சில ஆண்டுகளுக்கு முன், தை மாதம், நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. இடக் கண்ணில் திடீரென்று கரும்புள்ளிகள் கூட்டங் கூட்டமாகப் பறப்பதாகவும், இருட்டில் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தோன்றுவதாகவும் அவர் கூறினார். வலி ஏதும் இல்லை. "பித்தமாக இருக்கும், களத்து வேலை முடியட்டும்" என்றார். நானும் "சரி அண்ணா" என்று இருந்துவிட்டேன். பத்து நாட்களுக்குள் கண்ணின் ஓரத்திலிருந்து திரை இழுத்தாற்போல் நிழல் படர்ந்தது. டாக்டரிடம் சென்றபோது விழித்திரை கழன்றிருந்தது. அறுவை சிகிச்சை செய்தும், அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறதேயன்றி எழுத்துத் தெரியவில்லை. நெல் வீடு வந்து சேர்ந்தது, பார்வை போயிற்று. படித்தவனாகிய நான் அன்று வாய் மூடியிருந்தது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

இந்தப் பூச்சி என்பது யாது? நம் கண்ணின் உட்புறம் பாகு போன்ற தெளிந்த பொருளால் நிறைந்திருக்கிறது. அதில் 100-க்கு 99 பங்கு தண்ணீரே. எஞ்சியவற்றுள் மெல்லிய நார்களும் உண்டு. வயது ஏற ஏற அப்பாகு இளகுகிறது. நார்கள் ஒன்றுகூடித் திரள்கின்றன. தெளிந்த குளத்து நீரில் மிதக்கும் துரும்பின் நிழல் அடித்தரையில் விழுவதைப் போல, அந்தத் திரளின் நிழல் விழித்திரையில் விழுகிறது. அதுவே பூச்சியாகவும் நூலாகவும் நமக்குத் தோன்றுகிறது. வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்க்கையில் அது நன்கு தெரியும். பல ஆண்டுகளாக இரண்டொன்று இப்படித் தெரிந்து, மாறாமல் இருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு மருந்தும் தேவையில்லை.

ஆனால் அந்தப் பாகு சுருங்கி விழித்திரையை விட்டு விலகும்போது, சிலருக்கு அதைப் பற்றி இழுத்துக் கிழித்துவிடுகிறது. அப்போதுதான் புள்ளிகள் திடீரெனப் பெருகும்; மின்னல் போன்ற ஒளி தோன்றும். சுவரில் ஒட்டிய காகிதத்தின் கிழிசல் வழியே மழைநீர் புகுந்து அதை உரித்துவிடுவதைப் போல, கிழிசல் வழியே நீர் புகுந்து விழித்திரையைக் கழற்றிவிடுகிறது. கிழிசலாக இருக்கும்போதே கண்டுகொண்டால் லேசர் ஒளியால் அதனைச் சுற்றி ஒட்டவைக்கலாம். நடுப்பகுதியும் கழன்ற பிறகு சென்றால், பார்வை முழுமையாகத் திரும்புவது அரிது. கிட்டப்பார்வை மிகுந்தவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கோ கண்ணுக்குள் இரத்தம் கசிந்தும் கரும்புள்ளிகள் தோன்றலாம்.

இனித் தலைவலிக்கு வருவோம். பூச்சியும் தலைவலியும் ஒரே காலத்தில் வந்தால் இரண்டும் ஒரே நோய் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சென்ற ஆண்டு எனக்கே இரண்டும் வந்தன. தமையனாரை நினைத்து, அலுவலை ஒத்திவைத்து, அன்றே டாக்டரிடம் சென்றேன். மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தார். விழித்திரையில் கிழிசல் இல்லை, பூச்சி தீங்கற்றது. மாலை நேரத் தலைவலிக்குக் காரணம் நாற்பது வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து. கோப்புகளைக் கண்ணைச் சுருக்கிப் படித்ததன் பலன். புதுக் கண்ணாடி போட்டபின் அது நின்றது.

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பதும் தலைவலி தரும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வலி வருமுன் வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் தோன்றி, ஒரு மணி நேரத்திற்குள் மறைவதுண்டு. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகையால் தலைவலி இல்லையென்று அதனை அளந்து பார்க்காமல் இருப்பது தவறு.

பின்வரும் அறிகுறிகளைக் கண்டால் மறுநாள் வரை பொறுக்கலாகாது. முதலாவது, புள்ளிகள் திடீரெனப் பெருகுதல், மின்னல் ஒளி, ஓரத்தில் திரை போன்ற நிழல். இரண்டாவது, கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்து, தலைவலியும் வாந்தியும் வருதல். இதனைப் பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துவிடுகிறார்கள். உண்மையில் இது கண்ணின் உள்ளழுத்தம் திடீரென ஏறும் நோயாக இருக்கலாம். மூன்றாவது, கர்ப்பிணிக்குக் கடும் தலைவலியும் கண்முன் ஒளியோ புள்ளியோ தோன்றுதலும். இது தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. நான்காவது, தலைவலியுடன் வாய் கோணுதல், கைகால் தளர்தல், பேச்சுக் குழறுதல்; உடனே 108-ஐ அழையுங்கள்.

கண்ணில் இலைச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, நாளடைவில் கண்ணழுத்தத்தையும் கண்புரையையும் உண்டாக்கக்கூடும். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். ஆகவே ஒரு துணையுடன் செல்லுங்கள். வண்டி ஓட்டி வராதீர்கள்.

நம் மாநிலத்தில் கண் வைத்தியம் நீண்ட மரபுடையது. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தோன்றியது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகறிய வளர்ந்தது. குருட்டுத் தடுப்புக்கான தேசியத் திட்டமும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. வைத்தியம் இருக்கிறது, நாம் காலத்தில் போய்ச் சேர்வதுதான் குறை.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்களை மூன்று காரியங்கள் செய்யுமாறு வேண்டுகிறேன். கிராம சபையில் இந்த அறிகுறிகளைப் படித்துக் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு சுகாதாரப் பணியாளர்களுடன் சேர்ந்து தூண்டுங்கள். மூன்றாவது, பணச் செலவில்லாதது: அறுவடைக் காலத்தில் ஒருவர் கண்ணைக் காட்டப் புறப்பட்டால், அவர் களத்தை அண்டை வயல்காரர் பார்த்துக்கொள்ளட்டும். என் தமையனாருக்கு அன்று தேவைப்பட்டது அந்த ஓர் உதவிதான். நெல் ஒரு நாள் காத்திருக்கும், கண் காத்திராது.