கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழாது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்னப்பா, இன்ஜினியர் நீ, பாலம் பத்திப் பேசுவேன்னு பார்த்தா கல்வெட்டுன்னு சொல்றே?" என்று செயலாளர் அண்ணன் கேட்டார். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

உரிமைச் சாசனம் என்றதும் படித்தவர்களுக்கு நினைவு வருவது மாக்னா கார்ட்டா. 1215இல் இங்கிலாந்தின் ஜான் மன்னர், பிரபுக்களின் நெருக்கடியில் ரன்னிமீட் புல்வெளியில் ஒப்புக்கொண்டது. நாட்டின் சட்டப்படி அன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்படுத்தக் கூடாது என்ற அதன் வாசகம் இன்றும் உலகெங்கும் பேசப்படுகிறது. நல்லது. ஆனால் அதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே வெட்டப்பட்ட ஒரு சாசனம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. செங்கல்பட்டில் பஸ் ஏறினால் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைத்தான் சொல்கிறேன்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், அவ்வூர் மகாசபை தனக்குத் தானே விதி வகுத்துக்கொண்டது. அரசனின் அதிகாரி உடனிருக்க எடுத்த தீர்மானம் அது. ஊரில் 30 குடும்புகள், அதாவது இன்றைய கணக்கில் 30 வார்டுகள். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். ஊரார் கூடியிருக்க, வயதில் மூத்த நம்பி குடத்தைத் தூக்கி எல்லோரும் காணக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன் தெரியுமா? விரலிடுக்கில் வேறு ஓலை இருந்துவிடக் கூடாதே! பிறகு அவர் உரக்க வாசிக்க, அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். இப்படி வருபவர்களில் சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள்.

தகுதியைப் பார்ப்போம். 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல், 70க்குள். போன மாதம்தான் எனக்கு 35 முடிந்தது, தேறிவிட்டேன். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். அங்கே தோற்றேன். சொந்த மனையில் வீடு வேண்டும். என் ஃபிளாட் இன்னும் பாங்க்காரருடையது! கடந்த மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய தந்தை, மகன், மாமனார், மருமகன் பெயரைக்கூட ஓலையில் எழுதக் கூடாது.

இந்தக் கணக்கு விதிதான் என்னை அந்தக் கோயிலுக்குக் கொண்டுபோனது.

ஆறு வருஷம் முன்பு ஓர் ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். மாமல்லபுரம் போகும் வழியில், சற்று உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் ஏரிக்கரை பலப்படுத்தும் வேலை. இரண்டு நாள் மழை. கரையில் பாதி தூரம் லெவல் எடுக்காமல், ஏற்கெனவே எடுத்த அளவையே மீதிக்கும் போட்டுக் கையெழுத்திட்டேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. சோம்பல்தான். அக்டோபர் 2 கிராம சபையில் வேலை விவரம் சொல்ல என்னை அனுப்பினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "தம்பி, எத்தினி லோடு மண்ணு கொட்டினீங்க?" என்றார். கடகடவென்று எண்ணைச் சொன்னேன். "நீ நின்னு பாத்தியா?" என்றார்.

பதில் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் போய் முழுக் கரையையும் அளந்தேன். கணக்குக் குறைந்தது, பில்லும் குறைந்தது. தீபாவளிக்குள் நான் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில்தான் உத்திரமேரூர் போனேன். பள்ளியில் ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் செய்த குடவோலை முறை, அன்றைக்குத்தான் எனக்கு எழுதியதாகப் பட்டது.

பெருமையோடு ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். உத்திரமேரூர் பிரம்மதேயம். வேதம் கற்ற, நிலமுள்ள அந்தண ஆண்களுக்கே அந்தக் குடத்தில் இடம். என்னைக் கேள்வி கேட்ட பாட்டியின் பெயர் எந்த ஓலையிலும் ஏறியிருக்காது. கிராமத்தைப் பொற்காலமாகப் பேசியவர்களை 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கண்டித்ததற்கு நியாயம் இருந்தது. மாக்னா கார்ட்டாவும் முதலில் பிரபுக்களுக்குத்தானே! சாசனம் நிலைப்பது, பின்னால் வருபவர்கள் அதன் வாசலை அகலப்படுத்துவதால். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபையைச் சட்டமாக்கியது. உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக்கியது. சுவரில் இருந்த விதி அப்படித்தான் அந்தப் பாட்டியின் வாய்க்கு வந்து சேர்ந்தது.

தம்பி தங்கைகளே, ஊருக்குப் போனால் கிராம சபையில் ஒரு முறையாவது உட்காருங்கள். நாளைக்கு அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது அந்தப் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்மார்களே, ஏழை மாணவர் உதவி நிதியின் பொறுப்பை இந்த ஆண்டு என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த சந்திப்பில், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால், வரவு செலவு முழுவதையும் இந்த மேடையில் உரக்க வாசிப்பேன். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அதன்பின் மூன்றாண்டு அந்தப் பொறுப்புக்கு வரமாட்டேன். வாசிக்கத் தவறினால் என் பெயரை எடுத்துவிடுங்கள். என் மாமனார் பாவம், அவரை மட்டும் விட்டுவிடுங்கள்!