தண்டியடிகளின் கயிறு

(ஆண்டுத் திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நாயன்மார் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு நிருவாகக் குழுவினர் என்னைப் பணித்தனர். அறுபத்து மூவருள் நான் தேர்ந்துகொண்டவர் தண்டியடிகள் நாயனார். திருப்பணிக்கு வரைபடம் தயாராகிக்கொண்டிருக்கும் இவ்வேளையில் அவரைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று கருதினேன்.

தண்டியடிகள் திருவாரூரில் பிறந்தவர். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். திருக்கோயிலை வலம் வருவதும் ஐந்தெழுத்தை ஓதுவதுமே அவருடைய அன்றாடப் பணி. கோயிலின் மேற்றிசையில் இருந்த திருக்குளம் இடம் குறுகி வருவதை அறிந்து, அதனைத் தோண்டிப் பெருக்கத் தாமே முற்பட்டார். பார்வையற்ற ஒருவர் குளத்தினுள் இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளி, கரையேறிக் கொட்டிவிட்டு, மீண்டும் அதே இடத்திற்குத் திரும்புவது எங்ஙனம்? குளத்தினுள்ளே ஒரு தறி நட்டார்; கரையிலே ஒரு தறி நட்டார்; இரண்டையும் கயிற்றால் இணைத்தார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கினார், ஏறினார். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இந்தச் சிறு செய்தியை விடாமல் எழுதி வைத்திருக்கிறார்.

பின்னர் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். எதிர்த்தவர்கள் அவரை இகழ்ந்தனர். மண்வெட்டியையும் கூடையையும் பறித்தனர். தறியையும் கயிற்றையும் பிடுங்கினர். அடிகள் இறைவனிடம் முறையிட, சோழ மன்னன் முன்னிலையில் கண்ணொளி பெற்றார். நம் சொற்பொழிவாளர்கள் பெரும்பாலும் அந்த அற்புதத்தைத்தான் விரித்துரைப்பார்கள். என் மனமோ அந்தக் கயிற்றை விட்டு அகல மறுக்கிறது. கண் பெறுவதற்கு முன்பே அவர் குளத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார் அல்லவா? பார்வை இல்லாமை அவர் தொண்டைத் தடுக்கவில்லை. கயிறு பறிக்கப்பட்டதே தடுத்தது.

இன்றைய உலகம் சட்டமாக எழுதி வைத்திருப்பதும் ஏறக்குறைய இதுதான். ஐக்கிய நாட்டுச் சபை 2006ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, ஒருவருடைய உடற்குறையும் சூழலில் உள்ள தடைகளும் சேர்ந்தே ஊனத்தை உண்டாக்குகின்றன என்று கூறுகிறது. மலேசியா 2010 ஜூலையில் அதனை உறுதிப்படுத்தியது. அதற்கு முன்பே, 2008 ஜூலை 7ஆம் நாள், நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. பொதுமக்களுக்குத் திறந்துள்ள கட்டடங்களை மற்றவர்களுக்கு நிகராகப் பயன்படுத்தும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு என்பது அதன் 26ஆம் பிரிவு. மீறுவோர்க்குத் தண்டனை எதையும் விதிக்காமலே அச்சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே, அது பெரும்பாலும் நம் மனச்சாட்சியை நம்பியே நிற்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடம் என்பதற்கு விளக்கம் கூறும்போது சமயச் செயல்களுக்கான கட்டடங்களையும் பெயர் குறித்தே சேர்த்திருக்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தலாகாது, கட்டாயமாதல் வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

இவை தாமாகக் கனிந்து விழுந்த கனிகள் அல்ல. 1996இல் கோலாலம்பூரில் ஸ்டார் இலகு ரயில் ஓடத் தொடங்கியபோது சக்கர நாற்காலியில் செல்வோருக்கு அதில் இடமில்லை. அவர்கள் குரலெழுப்பிப் போராட வேண்டியிருந்தது. 2007இல் ஏர் ஏசியா விமானத்தில் ஏற வழியின்றி, விமான நிலையத்திலேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் பத்மாவதி கிருஷ்ணன் அவர்கள் 2013இல் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். மேலவையில் அமர்ந்து நாட்டின் சட்டங்களை விவாதித்த அந்த அம்மையார் நாளை நம் ஆலயத்திற்கு வந்தால், வாசலிலேயே நின்றுவிட நேரும்.

மூவார் பழைய நகரம். நம் கடைத்தெருக்களின் அஞ்சடிகள் வெயிலுக்கும் மழைக்கும் அருமையானவை. ஆனால் கடைக்குக் கடை ஏற்ற இறக்கம், இடையில் மோட்டார் சைக்கிள், சரக்கு மூட்டை. நடப்பவர்க்கே அங்கு விழிப்பு வேண்டும். அதை மாற்றுவது நகராண்மைக் கழகத்தின் வேலை. இன்று அதை நான் பேச வரவில்லை. நம் வாசலில் உள்ள ஐந்து படிகளைப் பற்றியே பேச வந்தேன்.

நம் ஆலயத்திற்குப் பல ஆண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் மாலை கட்டிக் கொடுத்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி உழைத்தவர். நீரிழிவு நோயினால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். இன்றும் மாலை கட்டுகிறார். பேரன் அதை உள்ளே கொண்டுவந்து கொடுக்கிறான்; கட்டியவர் வெளியே காரில் அமர்ந்திருக்கிறார். ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்டேன். "தம்பி, நாலு பேரு தூக்கும்போது சேலை ஒதுங்குது. எல்லாரும் பார்க்கிறாங்க. அதான் வர்றதில்ல" என்றார். நம் இளைஞர்கள் நல்ல உள்ளத்தோடுதான் தூக்குகிறார்கள். ஆனால் வழிபட வந்தவர் காட்சிப் பொருளாகிவிடுகிறார் என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்?

இது எங்கோ ஒருவருடைய துயரமன்று. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக நோக்கினால் இந்தியரிடையேதான் அது மிகுதி. நீரிழிவு கால்களை என்ன செய்யும் என்பதை நம் குடும்பங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருப்பணி பற்றிய பேச்சில் சில தடைகள் எழுந்ததைக் கேட்டேன். ஆண்டுக்கு ஒருவரோ இருவரோதான் வருகிறார்கள், இதற்கு இவ்வளவு செலவா என்றார் ஒரு பெரியவர். பாலம் இல்லாத ஆற்றை எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பாலம் வேண்டாம் என்று முடிவு செய்ய முடியுமா? படிகள் இருப்பதால்தான் அவர்கள் வருவதில்லை.

தெருவில் உருண்ட சக்கரம் ஆலயத்தினுள் வரலாமா என்பது இன்னொரு வினா. தூய்மை பற்றிய அக்கறை நியாயமானது. அதை நான் எள்ளி நகையாடவில்லை. நாம் எல்லாரும் தெருவில் நடந்த கால்களோடுதான் வருகிறோம். குழாயடியில் கழுவிவிட்டு உள்ளே நுழைகிறோம். அவருக்குச் சக்கரமே கால். அதே குழாயடியில் அதையும் கழுவித் துடைக்கலாம். ஆலயத்திற்கென்றே இரண்டு நாற்காலிகளை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வதும் நல்லதே. தமிழ்நாட்டின் பெரிய கோயில்கள் பலவற்றில் இவ்வசதி உண்டு. எனினும் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அவரவர் நாற்காலியும் மெத்தையுமே பாதுகாப்பு. மாறி அமர்ந்தால் புண் ஏற்படக்கூடும். ஆகையால் இதைக் கட்டாயமாக்கலாகாது. சக்கரம் நம் வழிபாட்டிற்குப் புதியதுமன்று. கோயிலுக்கு வர இயலாத முதியோரும் நோயுற்றோரும் கண்டு வணங்க வேண்டும் என்றுதானே நம் பெருமான் இரதமேறி அவர்கள் வீட்டு வாசலுக்கே எழுந்தருளுகிறார்!

பழனி மலைக்கு 1966இலேயே இழுவை ரயில் அமைத்தார்கள். 2004இல் கம்பிவட ஊர்தியும் வந்தது. பத்துமலையின் 272 படிகளுக்கு மாற்று வழி காண்பது பெரும் பொருட்செலவு வேண்டும் செயல். நமக்கோ ஐந்தே படிகள். படி ஒன்றுக்கு 6 அங்குலம் வீதம் மொத்தம் 30 அங்குல உயரம். ஓர் அடி உயரத்திற்கு 12 அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 30 அடி நீளச் சாய்தளம் போதும். இடையில் இளைப்பாறச் சமதளமும் இருபுறமும் கைப்பிடியும் வேண்டும். பளபளக்கும் ஓடு பதித்துவிடாதீர்கள்; எண்ணெயும் அபிஷேக நீரும் பட்டால் நடப்பவரும் வழுக்கி விழுவர். சொரசொரப்பான தளமே ஏற்றது. முன் மண்டபத்தின் நிலைப்படியை இடிக்க வேண்டியதில்லை. எடுத்து வைக்கத்தக்க ஒரு மரச்சரிவு போதுமானது.

சாய்தளத்தைப் பின்புறம் மடைப்பள்ளி ஓரமாக அமைத்தால் முகப்பின் அழகு கெடாது என்றும் ஒரு யோசனை வந்ததாம். இதற்கு நான் முழு மனத்தோடு மறுப்புத் தெரிவிக்கிறேன். குப்பைத் தொட்டிகளைக் கடந்து சென்று எவரும் சுவாமியைக் கும்பிட வேண்டாம். கொடிமரத்தை வணங்கி, எல்லாரும் நுழையும் வாசலிலேயே அவர்களும் நுழைய வேண்டும். திருமண மண்டபத்தின் கழிவறைக் கதவு குறுகலாக உள்ளது. அதையும் இப்போதே அகலப்படுத்திவிட்டால் மீண்டும் இடிக்கும் செலவு மிஞ்சும். அன்னதானக் கூடத்தில் தரையில் அமர இயலாதோர்க்கு நான்கு மேசைகள், மற்றவர்களின் வரிசையோடு சேர்த்தே.

நிருவாகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். வரைபடம் நகராண்மைக் கழகத்திற்குச் செல்லுமுன், சக்கர நாற்காலியில் நடமாடும் இரண்டு மூன்று பேரை இங்கே வரவழையுங்கள். முன்றிலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சாய்தளம் எங்கே தொடங்கி எங்கே முடியும், எங்கே திரும்ப வேண்டும் என்று காட்டி, அவர்களையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் ஒரு நாள் முழுதும் யோசித்தும் காணாத குறையை அவர்கள் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். அவர்களை அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். வரும் ஞாயிறு காலைப் பூசை முடிந்த பின் நேரம் ஒதுக்கித் தந்தால் வசதியாக இருக்கும்.