மணமூட்டிய தேநீரும் நம் நாவும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் தேநீரைப் பற்றிப் பேச எழுந்தால், காப்பிக்குத் துரோகம் செய்ய வந்தவர்கள் இவர்கள் என்று சிலர் கருதக்கூடும். அச்சம் வேண்டா. இவ்வுரைக்குக் காரணமான நான்கு குடும்பங்களிலும் விடியற்காலையில் இறங்குவது காப்பி டிக்காஷன்தான். ஆயினும் மாலை நான்கு மணியானால் இந்த நகரம் நம்மைக் காப்பியோடு இருக்க விடுவதில்லை. அண்டை வீட்டு வங்காளி அன்பர் மண்குவளையை நீட்டுகிறார். அலுவலகத்து வாயிலில் எலுமிச்சை பிழிந்த 'லேபு சா' காத்திருக்கிறது. மறுக்க மனம் வருமோ?

அன்றியும் நாம் குடியிருப்பது வேறு ஊரும் அன்று. கல்கத்தா என்று அந்நாளில் வழங்கிய இக்கொல்கத்தாவில் 1861-ஆம் ஆண்டில் தேயிலை ஏலம் தொடங்கியது. ஏலத்திற்குப் பெயர் பெற்ற நீல்ஹாட் மாளிகையின் பெயருக்கு அவுரிச் சந்தை என்று பொருள். அவுரி போய்த் தேயிலை வந்தது, பெயர் மட்டும் நின்றது. இன்று ஏலம் கணிப்பொறியில் நடைபெறுகிறது. எனினும் நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான கோப்பைகளை உறிஞ்சிப் பார்த்து விலை மதிக்கும் வல்லுநர்கள் இன்னும் இந்நகரில் உளர். அத்தகைய ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், கால் கிலோ தேயிலையைத் தேர்ந்து வாங்க அறியாதவர்களாக நாங்கள் இருந்தோம். அதை உணர்த்திய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2023-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எங்களுள் ஒரு குடும்பத்தார் அழகிய தகரப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார்கள். ஏலக்காயும் குங்குமப்பூவும் மணக்கும் தேயிலை என்று அதன்மேல் பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. அதிலிருந்த நூறு கிராமின் விலைக்கு நாம் வழக்கமாக வாங்கும் தேயிலையில் ஒரு கிலோவுக்கு மேல் வாங்கலாம். எந்தக் கடை என்பது இங்கு வேண்டுவதில்லை. ஞாயிறு மாலை எழுவர் கூடி அருந்தினோம். மூடியைத் திறந்ததும் அறை முழுதும் மணந்தது. அறுவர் ஒரே குரலில் புகழ்ந்தோம். எழுவருள் மூத்த அம்மையார் மட்டும் இரண்டு மிடறு பருகிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அவ்வம்மையாருக்கு 2021-ஆம் ஆண்டுக் கோடையில் கொரோனாக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் நீங்கியது, போன மோப்பம் மட்டும் திரும்பவில்லை. தாளிக்கும் மணம் தெரியாமையால் இரண்டு முறை கடுகைக் கருகவிட்டு, அதன் பின் அடுப்படியை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டவர் அவர். ஐம்பது ஆண்டு சமைத்த கைக்கு அது எத்தகைய இழப்பு என்பதைத் தாய்மார்கள் அறிவீர்கள். அவரிடம் "எப்படி இருக்கிறது அம்மா?" என்று கேட்டோம்.

"என்னைக் கேட்டுப் பயன் என்ன? நீங்கள் எல்லாம் மணக்கிறது என்கிறீர்கள். எனக்கு வெந்நீரில் சாயம் கரைத்தது போல இருக்கிறது. இதில் தேயிலை எங்கே? நாக்கைப் பிடிக்கவே இல்லையே" என்றார்.

பாவம், அவருக்கு மூக்கு இல்லாத குறை என்று எண்ணிப் பேச்சை மாற்றினோம். மறுநாள் பெட்டியை வாங்கிய வீட்டில், ஊறிய சக்கையை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தார்கள். ஏலக்காய்த் தோல் இரண்டொன்று இருந்தது. மற்றவற்றுள் பெரும்பகுதி வெளிறிய காம்பும் நாருமே. இலை என்று சொல்லத்தக்கது கொஞ்சமே இருந்தது. மூக்குடைய அறுவர் ஏமாந்தோம்; மூக்கிழந்த ஒருவர் உண்மை உரைத்தார்.

இதில் மாயம் ஏதும் இல்லை. நாம் சுவை என்று பேசுவதில் பெரும்பங்கு மணமேயாகும். நாக்கு தானாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு முதலிய சிலவற்றைத்தான். துவர்ப்போ சுவை என்பதைவிடத் தொடுவுணர்ச்சி என்பதே பொருந்தும். வாயின் உட்புறம் இறுகி வறள்வதை உணர்கிறோம். தேயிலையின் உடல்வலிமை இந்தத் துவர்ப்பிலும், நாவை எழுப்பும் சுறுசுறுப்பிலும், இளங்கைப்பிலும் இருக்கிறது. அம்மையாருக்கு எட்டியவை இவை மட்டுமே. ஏலக்காய் எங்களை மயக்கியது. அவரை மயக்க அதற்கு வழி இல்லை. ஆகவே மணமூட்டிய தேயிலையை மதிப்பிடுவோர் முதலில் மணத்தை விலக்கிவிட்டுத் தேயிலையைக் காணவேண்டும் என்று துணிந்தோம். அது முதல் மாதம் ஒரு ஞாயிறு இதற்கென்றே கூடிவருகிறோம்.

முறை மிக எளிது. வல்லுநர்களுக்கென்று உலகத் தர நிர்ணய அமைப்பு 1980-இல் 3103 என்னும் எண்ணிட்டு ஒரு விதிமுறை வெளியிட்டது. நூறு மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஊறும் நேரம் 6 நிமிடம், பாத்திரம் வெண்பீங்கான். இவ்வாறு இறக்கும் தேநீர் நம்மவருக்குச் சற்றுக் கடுப்பாகவே இருக்கும். அது இன்சுவைக்கு எழுந்த விதி அன்று. ஒன்றையொன்று ஒப்பிட எழுந்த விதி. வீட்டில் சிறிய தராசு இருந்தால் போதும். இல்லையேல் ஒரே கரண்டியால் அளக்கலாம். ஆனால் கரண்டியளவு ஏமாற்றும் என்பதை நினைவில் வையுங்கள். உருண்டைத் தேயிலை ஒரு கரண்டி கனக்கும். முறுக்கிய இலை அதே கரண்டியில் பாதி எடைகூட நில்லாது.

கோப்பையின் அடியில் எண் எழுதி ஒட்டிவிடுவோம். ஊற்றுபவர் சுவைப்பதில்லை, சுவைப்பவர் எது எதுவென்று அறியார். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் மற்ற எல்லாம் வீண். பெட்டியைப் பார்த்த கண் நாக்குக்கு முன்பே தீர்ப்பெழுதி வைத்திருக்கும். பாலும் சர்க்கரையும் முதற்சுற்றில் இல்லை. பாலிலுள்ள புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு அதன் கூர்மையை மழுக்கிவிடும். குற்றமுள்ள தேயிலைக்குப் பாலைப்போல ஒளிய இடம் வேறில்லை. சிறிது ஆறியபின் கரண்டியில் எடுத்துச் 'சர்' என்று ஓசையெழ உறிஞ்சவேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளை இவ்வோசைக்காக எத்தனை முறை கடிந்திருக்கிறோம்! காற்றோடு கலந்து உள்ளே செல்லும் துளிகளே மணத்தைத் தொண்டையின் பின்வழியாக மூக்கிற்கு ஏற்றுகின்றன. இந்த ஒரு நாளைக்குப் பிள்ளைகளுக்கு விடுதலை.

நம் இல்லங்களுக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. சுவைக்கும் நாளில் சாம்பிராணி போடலாகாது, கற்பூரம் ஏற்றலாகாது, தாய்மார்கள் அன்று மட்டும் தலையில் மல்லிகை சூடாமல் வந்தால் நலம். காப்பி அருந்தி ஒரு மணி நேரமாவது செல்லவேண்டும். இரு கோப்பைகளுக்கு இடையே உப்பில்லாப் பொரியும் நீரும் போதும்.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு பருகுவது அம்மையாரிடமிருந்து நாங்கள் கற்ற பாடம். அதன்பின் மூக்கை விடுங்கள். ஏலக்காய் அலைபோல் வந்து மோதும்! அந்த அலைக்கு முன் வாயில் என்ன இருந்தது என்பதே தேயிலையின் தகுதி. அடுத்தபடியாக, அதே சக்கையில் மீண்டும் கொதிநீர் ஊற்றிப் பார்ப்போம். தெளித்த மணச்சத்து பெரும்பாலும் முதல் நீரிலேயே போய்விடுவதையும், தட்டிப்போட்ட ஏலக்காய் இரண்டாம் நீரிலும் ஓரளவு நிற்பதையும் கண்டோம். உறையின்மேல் சிற்றெழுத்தில், மணம் சேர்க்கப்பட்டது என்றும், அது இயற்கையானதா செயற்கையானதா என்றும் குறித்திருப்பார்கள். பொன்னெழுத்தை விட்டு அச்சிற்றெழுத்தைப் படியுங்கள்.

தேயிலை எதன் மணத்தையும் எளிதில் ஈர்த்துக்கொள்ளும். எங்களுள் ஒரு வீட்டில் பெருங்காய டப்பாவின் அருகே மூடி தளர்ந்த தேயிலைப் புட்டி மூன்று வாரம் இருந்தது. அதன் விளைவாக, உலகில் எவரும் விற்காத ஒரு மணமூட்டிய தேநீரை அருந்தும் பேறு பெற்றோம். விருந்தினர் நாகரிகமானவர், ஒன்றும் சொல்லவில்லை.

இதே இயல்பைக் கொண்டுதான் சீனத்தார் மல்லிகைத் தேயிலை செய்கிறார்கள். ஃபூஜியான் மாநிலத்து ஃபூஜோ நகரம் அதற்குப் பேர்போனது. இரவில் மலரும் மொட்டுக்களைத் தேயிலையோடு கலந்து வைத்து, மணம் ஏறியபின் பூக்களை நீக்கி, இலையை உலர்த்தி, மீண்டும் புதுப் பூ இடுவார்கள். அந்தப் பூ வேறு ஏதோ அயல்நாட்டுப் பூ அன்று. நம் குண்டுமல்லி இனமே. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் அவ்வினமே. விடுவோமா? லேக் மார்க்கெட்டில் மொட்டு வாங்கி வந்து, நீலகிரிப் பச்சைத் தேயிலையோடு ஓரிரவு மூடி வைத்தோம். காலையில் திறந்தபோது மணம் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. ஆனால் பூவின் ஈரம் இலையில் ஏறியதை நாங்கள் எண்ணவில்லை. நான்காம் நாள் பூஞ்சணம் பூத்தது. அடுத்த முறை பூவை நீக்கியவுடன் வாணலியில் மிகச் சிறு தீயில் ஈரம் போக உலர்த்தினோம். அத்தேயிலை எங்கள் சுற்றில் பலமுறை முதலிடம் பெற்றது. பெற்றோர் செய்ததைப் பிள்ளை புகழ்வது போன்றதோ என்று ஐயுற்று எண்களை இருமுறை சரிபார்த்தோம்.

இஞ்சியைப் பற்றிப் பலரும் கேட்பது, பால் ஏன் திரிகிறது என்பதே. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. இளஞ்சூட்டுப் பாலில் இட்டால் அது தன் வேலையைக் காட்டும். முதலில் நீரில் இஞ்சியை நன்றாகக் கொதிக்கவிட்டால் அந்நொதி செயலிழக்கும். பின்னர்ப் பாலை ஊற்றலாம். மருமகள்மேல் பழி போடுவதற்கு முன் இதனை எண்ணுக.

லேபு சாவை நிறத்தால் மதிக்கலாகாது. எலுமிச்சை பிழிந்ததும் நிறம் வெளுப்பது, புளிப்பு அந்நிறப் பொருளின் தன்மையை மாற்றுவதாலேயாம். கறுப்பு உப்பு சேர்த்தபின் தேயிலையின் குணம் கண்டறிவது கடவுளுக்கே அரிது. அது தேநீராகாமல் ரசத்தின் தம்பியாக வாழ்கிறது. நாங்கள் அதை விரும்பியே அருந்துகிறோம். இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்காமோட் பழத்தோலின் எண்ணெய் சேர்ந்த ஏர்ல் கிரே தேயிலையையும் பார்த்தோம். எங்களில் பாதிப்பேருக்கு அது சவுக்காரத்தை நினைவூட்டிற்று. குற்றம் தேயிலையினது அன்று, நம் பழக்கத்தினது.

சேர்க்காமலேயே மணப்பதும் உண்டு. டார்ஜிலிங்கின் மே, ஜூன் மாத அறுவடையில் முந்திரிப்பழச் சாறு போன்ற, அதாவது திராட்சை போன்ற மணம் எழுவதற்கு, தத்துப்பூச்சி இலையைக் கடிப்பதும் ஒரு காரணம். கடியுண்ட இலை தன்னைக் காக்கச் சுரப்பதே நமக்கு மணமாகிறது. அத்தேயிலையில் ஏலக்காய் தட்டிப் போட்டுப் பாலூற்றிக் காய்ச்சிய அன்பரை நாங்கள் இன்னும் மன்னிக்கவில்லை. ஏலக்காயையும் இஞ்சியையும் பாலையும் தாங்க வல்லது, நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் பொறியில் உருண்டையான அசாம் தேயிலையே. 1930-களில் அசாமில் பிறந்தது அம்முறை. விலையும் குறைவு. நல்ல அசாம் உருண்டைத் தேயிலையும், நாமே தட்டிய நான்கு ஏலக்காயும் சேர்ந்த கோப்பை, அந்தப் பொன்னெழுத்துப் பெட்டியை எண் மறைத்த சுற்றில் வென்றுவிட்டது. பெட்டியை வாங்கியவரே அசாம் கோப்பைக்கு முதலிடம் தந்தார். எண்ணைப் புரட்டியபோது அவர் முகத்தைக் காண எங்களுக்கே இரக்கமாயிருந்தது.

இப்போது எங்கள் கூட்டத்தில் முதல் மிடறு அம்மையாருக்கே. அவர் "பிடிக்கிறது" என்றால் தேயிலை உண்டு. "வழுக்குகிறது" என்றால் மற்றவர் மேலே பேசுவதில்லை. அடுப்படியை விட்டு ஒதுங்கியிருந்தவர், தேயிலை வாங்கும் பொறுப்பை நான்கு வீட்டுக்கும் ஏற்றுக்கொண்டார். சென்ற மாதம் இஞ்சித் தேநீரைப் பருகிவிட்டு, "காரம் மூக்கு வரை ஏறுகிறது" என்றார். எங்களுக்கு ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. பின்பு அவரே சிரித்து, "மணம் இல்லை, எரிச்சல்தான். ஏலக்காய் இன்னும் வரவில்லை" என்றார். ஆயினும் ஒவ்வொரு முறையும் கோப்பையை மூக்கருகே சிறிது நேரம் வைத்துக்கொண்டுதான் பருகுகிறார். நாங்கள் அப்போது பேசாதிருப்போம்.

அடுத்த கூட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை நான்கரை மணிக்கு. வர விரும்புவோர் தங்கள் வீட்டுத் தேயிலையில் ஐம்பது கிராமைப் பெயரில்லாத பொட்டலமாகக் கட்டிக் கொண்டு வரவேண்டுகிறோம். பொரி எங்கள் பொறுப்பு.