இளமைக் குரலும் இசைப்பயிற்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி குறித்துச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எனக்குப் பணித்தனர். யான் தமிழ் கற்பிப்பவன், இசைப்புலவன் அல்லேன். ஆயினும், உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு இசை பயிற்றுதல் என்பதையே இன்றைப் பொருளாகக் கொண்டேன். அதற்குக் காரணம் என் புலமையன்று. யான் செய்த பிழை. அதனை இவ்வவையில் முதற்கண் ஒப்புக்கொண்டு, பின்னர்ப் பொருளுட் புகுவேன்.

சில ஆண்டுகட்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், ஏழாம் வகுப்பில் இருந்தபொழுது இனிய குரலுடையவன். காலை வழிபாட்டில் முன்னின்று பாடுபவன். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பாடும்பொழுது அவன் குரல் நடுவே உடைந்தது. உயரச் சென்ற ஓசை கீழே விழுந்தது, பிள்ளைகள் நகைத்தனர். யான் அவர்களை அடக்குவதற்கு மாறாக, "தம்பி, நீ பின்வரிசைக்குப் போ, இனி வேறொருவன் பாடட்டும்" என்றேன். அவ்வளவே. அன்று முதல் அவன் பாடவில்லை. அதுமட்டுமன்று; வகுப்பில் செய்யுளை உரக்கப் படிக்கச் சொன்னாலும் எழுந்து தலைகுனிந்து நின்றான். காரணம் வினவியபொழுது, "என் குரல் நன்றாயிராது ஐயா" என்றான். அச்சொல்லை அவனுக்குக் கற்பித்தவன் யானே. அவன் பள்ளியை விட்டுச் செல்லும்வரை அதனை மாற்ற யான் ஒன்றும் செய்திலேன். இசைப்பாடம் ஒன்றை யான் கற்பித்தேன் என்றால், அஃது இதுவே: உனக்கு இசை இல்லை என்பது.

அன்பர்களே! அவன் குரலுக்கு நேர்ந்தது நோயன்று, குறையுமன்று. ஆண்மக்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 வயதிற்குள் குரல்வளை விரைந்து வளர்கின்றது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அதனால் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி அளவு தாழ்கின்றது. பெண்மக்களுக்கும் மாற்றம் உண்டு. ஆயின் அது சிறிது. மீசை அரும்புவது போன்றதே இதுவும். மீசை அரும்பிய பிள்ளையை நாம் பின்வரிசைக்கு அனுப்புவதில்லையே!

இக்காலத்தில் பாடலாகாது, குரலுக்கு முழு ஓய்வு தருதல் வேண்டும் என்று மேனாட்டிலும் பலர் கருதிவந்தனர். 1970களில் அமெரிக்க இசைப்பேராசிரியர் ஜான் குக்சி என்பார், இம்மாற்றம் படிப்படியாக ஓர் ஒழுங்கில் நிகழ்வது எனக் காட்டினார். அந்தந்தப் படிக்கு ஏற்ற சுரங்களுக்குள் அமைந்த பாட்டைக் கொடுத்தால் மாணவன் இடையறாது பாடலாம் என்பது அவர் கொள்கை. ஆதலின், மாற்றவேண்டுவது பாட்டின் எல்லையே, மாணவனை அன்று.

இனி, எப்பாட்டைக் கொண்டு தொடங்குவது? ஆசிரியரிடம் தனியே பயில்வோர் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்குவது நெடுநாள் மரபு. அதனை யான் குறைகூறேன். ஆயின் நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில், கிழமைக்கு ஒருமணி கிடைப்பதே அரிதாக இருக்கையில், பிள்ளைகள் முன்னரே அறிந்த பண்ணிலிருந்து தொடங்குவதே சாலும். ஹங்கேரி நாட்டுச் சோல்டான் கொடாய் (1882–1967) தம் நாட்டு மக்கள் பாடிவந்த நாட்டுப்பாடல்களையே பள்ளி இசைக்கு அடிநிலையாக்கினார். நம் பிள்ளைகள் அனைவரும் அறிந்த பண் உண்டோ எனின், உண்டு. நாள்தோறும் காலையில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தே அது.

சுந்தரம் பிள்ளை அவர்கள் 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்திலிருந்து எடுக்கப்பெற்ற இவ்வாழ்த்து, 1970இல் தமிழ்நாட்டு அரசின் விழாக்களுக்குரிய வாழ்த்தாயிற்று. 2021இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. மோகன ராகத்தில், மூன்றன் நடைத் தாளத்தில், 55 விநாடியில் பாடுதல் வேண்டும் என்பது விதி. எனவே, தமிழ்நாட்டுப் பள்ளிப்பிள்ளை ஒவ்வொருவர் தொண்டையிலும் ஒரு ராகமும் ஒரு தாளமும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. ஆயின் அதன் பெயர் மோகனம் என்று பிள்ளைக்குச் சொன்னவர் யார்? இல்லத்தில் பொன் புதைந்திருக்க, அயலாரிடம் கடன் கேட்பார் போல, "எங்கள் பள்ளியில் இசைக்கு வசதியில்லை" என்கின்றோம்.

மோகனத்திற்குச் சுரங்கள் ஐந்தே: ச, ரி, க, ப, த. இவற்றைத் தமிழ் மரபில் குரல், துத்தம், கைக்கிளை, இளி, விளரி என்பர். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத் தீம்பாணியை இசையறிஞர் பலர் மோகனம் என்றே கொள்வர். அக்குரவையில் மாதரி என்பாள் செய்தது யாது? ஆயர்குலச் சிறுமியர் எழுவரை நிறுத்தி, ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயரை இட்டாள். யான் இப்பகுதியைப் பன்முறை பாடம் சொன்னவன். சொற்பொருள் கூறினேன், இலக்கணக் குறிப்புக் கூறினேன். இதனுள் ஓர் இசைவகுப்பே அமைந்திருத்தலை உணர்ந்திலேன். உணர்ந்த பின்னர் அதனைச் செய்து பார்த்தேன்.

ஐந்து பிள்ளைகளை வரிசையாய் நிறுத்தி, ஐந்து சுரப்பெயரையும் அவர்கட்கு இட்டேன். சுருதிப்பெட்டிக்குப் பொருள் செலவிடவில்லை. கைப்பேசியிலேயே அது கிடைக்கின்றது. யான் கைகாட்டும் பிள்ளை தன் சுரத்தை மட்டும் பாடுதல் வேண்டும். கை நகர நகரப் பண் பிறக்கும். இதன் பயன் யாதெனின், குரல் உடைந்த மாணவனும் இதில் இடம் பெறுகின்றான். முழுப்பாட்டை எட்ட இயலாதவன் தனக்கு எளிதாய் அமையும் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்க வல்லன். அவ்வொன்று பழகியபின் அடுத்த சுரம், பின்னர் மூன்று. இதுகாறும் நகைப்புக்கு அஞ்சி வாய்திறவாதவன், தான் இல்லையேல் பண்ணே குறைவுபடும் என்பதைக் கண்டுகொள்கின்றான்.

மற்றொன்று சுருதி. பெண்மக்கள் பெரும்பாலும் 5, 6 கட்டையிலும், குரல் முதிர்ந்த ஆண்மக்கள் 1, 2 கட்டையிலும் பாடுவர். எல்லாரையும் ஒரே சுருதியில் கட்டிப் பாடச்சொல்லி, எட்டாதவனை இசையறிவு இல்லாதவன் என்பது, ஒரே அளவுச் செருப்பை எல்லார்க்கும் கொடுத்து, நடக்கமாட்டாதவனை முடவன் என்பதை ஒக்கும். இரு குழுவாகப் பிரித்து, அவரவர் சுருதியில் மாறிமாறிப் பாடச்செய்தல் நன்று.

தாளமோ குரலை எதிர்பாராதது. ஆதிதாளத்தில் ஒரு தட்டும் மூன்று விரலெண்ணிக்கையும் சேர்ந்து நான்கு, பின்னர்த் தட்டும் வீச்சும் இருமுறை வர நான்கு, ஆக எட்டு. "தகிட" என மூன்றும், "தகதிமி" என நான்கும் சொல்லிக் கைதட்டப் பழகிய பிள்ளைகளுக்குச் சந்த விருத்தத்தின் சீர்நடை எளிதில் விளங்கக் கண்டேன். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியத்துக்கு அகவலோசை, கலிக்குத் துள்ளலோசை, வஞ்சிக்குத் தூங்கலோசை எனத் தேர்வுக்கு மனப்பாடம் செய்விக்கின்றோம். ஓர் ஓசையையேனும் செவிக்குக் காட்டுகின்றோமில்லை. ஓசையைக் காட்டாது ஓசையின் பெயரைக் கற்பித்தல், பழத்தைக் காட்டாது அதன் சுவையை எழுதச் சொல்லுதல் போலாம்.

இங்கே பெற்றோர் சிலர், "தேர்வு நெருங்குகின்றது, பாட்டுக்குக் காலம் ஏது?" என்பர். தமிழ் வகுப்பில் பத்து நிமிடம் போதும். பாட்டோடு கற்ற செய்யுள் நெஞ்சில் நெடிது நிற்கும் என்பது பாடஞ்சொல்லும் எவரும் அறிந்ததே. வேறு சிலர், "இசை அதற்குரிய குடும்பத்தாரது, நமக்கேன்?" என்பர். அவ்வாறு கூறுவோர் தம் பாட்டியார் பாடிய தாலாட்டையும், வயலிற் கேட்ட நடவுப்பாட்டையும் மறந்தனர் போலும். இசை வாழாத குலம் ஏது?

முடிவாக, இச்சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் நான்கு. ஆண்டுதோறும் பாட்டுப்போட்டி வைத்து ஒரு பிள்ளைக்குப் பரிசளிக்கின்றீர்கள், மகிழ்ச்சி. ஆயின் ஒருவன் பரிசு பெற, இருபதின்மர் தமக்கு இசை வாராது என்று எண்ணி இல்லம் திரும்புகின்றனர். அப்போட்டியோடு, பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து பாடும் சேர்ந்திசை ஒன்றையும் அமையுங்கள். ஒலிபெருக்கியில் வாழ்த்தை ஒலிக்கச்செய்து வாளா நிற்பதை ஒழித்து, வாயாலேயே பாடுங்கள். மாணவர் விடுதியில் கிழமைக்கு ஒரு மாலையேனும் இசைக்கு ஒதுக்குங்கள். நான்காவது, பொருட்செலவு இல்லாதது: இல்லத்தில் பிள்ளையின் குரல் உடையும்பொழுது நகையாதீர்கள்.

அம்மாணவன் இன்று எவ்வூரில் உள்ளானோ, அறியேன். தன் குழந்தையைத் தொட்டிலில் இட்டு ஆட்டும் காலம் அவனுக்கு வரும். அன்று, "என் குரல் நன்றாயிராது" என்று அவன் வாய்மூடி இருப்பானாயின், அக்குற்றம் என்னைச் சாரும். அத்தகைய பிள்ளை இனி ஒருவனும் நம்மிடையே உண்டாகாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் கூறினேன்.