பிள்ளைக்கும் பங்குண்டு, 25 வயது வரை!

(திருச்சியில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரை)



 

பெரியகடை வீதியில் கடை வைத்திருப்பவர் சரக்குக்குக் கணக்கு வைத்திருக்கிறார்; பாக்கிக்கும் கணக்கு வைத்திருக்கிறார். ஜமால் முஹம்மது கல்லூரியில் படிக்கும் மகனுக்கு நாளை ஒரு விபத்து, ஒரு சிறுநீரகக் கோளாறு என்றால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டிருக்கிறாரா? இல்லை! அந்த நாள் வந்தபின் மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. வட்டி வீட்டுக்குள் வருகிறது. எதை ஹராம் என்று மிம்பரில் முழங்குகிறோமோ, அதே வட்டி!

சகோதரர்களே! 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரி 11-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022-ல் 1,20,000 ஆனது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது.

பலர் அறியாத செய்தி இதுதான்: 18 வயதோடு பிள்ளையின் உரிமை முடிவதில்லை! பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளைக்கு வேலை, திருமணம், 25 வயது ஆகிய மூன்றில் எது முந்துகிறதோ அதுவரை பங்குண்டு. ஆனால் ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். ஹாஸ்டலில்தானே இருக்கிறான் என்று பெயரை நீக்கிவிடாதீர்கள்! ரேஷன் கார்டில் ‘முஹம்மது’, ஆதாரில் ‘முகமது’ என்றிருந்தால் இன்றே திருத்துங்கள். புத்தூர் பெரியாஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டா எழுத்துப் பிழை திருத்துவது?

“இன்சூரன்ஸ் கூடுமா ஹஜ்ரத்?” என்கிறீர்கள். நல்ல கேள்வி! ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1985-ல், வணிகக் காப்பீடு கூடாது, கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்று தீர்மானித்தது. இங்கோ நீங்கள் பிரீமியம் கட்டுவதில்லை, அரசு கட்டுகிறது. பிறந்த குழந்தைக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை தந்த உமர் (ரலி) அவர்களின் வரலாறு நாம் அறியாததா? குடிமக்களைக் காப்பது ஆட்சியின் கடமை. அதைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை!

ஆனால் ஓர் எச்சரிக்கை! வரம்புக்கு மேல் சம்பாதிப்பவர் பொய் வருமானச் சான்று வாங்காதீர்கள். அது ஏழையின் தட்டில் கை வைப்பதாகும். உங்கள் கடையில் மூட்டை தூக்குபவரின் வீட்டில் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளியா? அவரைச் சார்ந்து படிக்கும் பிள்ளைக்கு 21 வயது வரை அதில் சிகிச்சை உண்டு என்று சொல்லுங்கள்.

இளைஞர்களே! வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு குடும்பத்தாரைக் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பாலக்கரை முஸ்லிம் வீட்டோடு நின்றுவிடாதீர்கள். ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டிப் பிழைக்கும் தாயின் மகளுக்கும் இதே உரிமைதான். அவருக்கும் படிவம் நிரப்பிக் கொடுங்கள். நோய் மதம் பார்த்து வருவதில்லை!

ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர் இருக்கிறதா?

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு நிறைந்த ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.