குணம் குற்றம் அல்ல



பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் நான்கு பையன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நால்வருக்கும் வயது 15.

முதல் பையனுக்கு ஆபத்து என்றால் ஆசை. இரண்டாவது பையனுக்கு அவசரம். செய்த பிறகுதான் யோசிப்பான். மூன்றாவது பையன் பயந்தவன். நெஞ்சு படபடத்தாலே நடுங்குவான். நான்காவது பையனுக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. "எனக்கு எங்கே நல்லது நடக்கும்?" என்பான்.

பெட்டிக்கடை அருகே ஒருவன் சிகரெட்டை நீட்டுகிறான். புதுமைக்காக முதல் பையன் வாங்கலாம். யோசிக்காமல் இரண்டாமவன் வாங்கலாம். பயம் அடங்கும் என்று மூன்றாமவன் வாங்கலாம். துக்கம் மறக்கும் என்று நான்காமவன் வாங்கலாம்.

சிகரெட் ஒன்றுதான். காரணம் நான்கு. அப்படியானால் நால்வருக்கும் ஒரே அடி, ஒரே திட்டு பலன் தருமா?

கனடாவின் ஆராய்ச்சியாளர் பட்ரீசியா கான்ராட் இந்த நான்கு குணங்களையும் கவனித்தார். ஒவ்வொரு குணத்துக்கும் தனி வகுப்பை உருவாக்கினார். லண்டன் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அதை நடத்தினார்கள். 90 நிமிட வகுப்புகள் இரண்டே இரண்டு. பிள்ளைகள் தங்கள் குணத்தை அறிந்தார்கள். அது இழுக்கும்போது நிதானிக்கப் பழகினார்கள். அவர்களிடம் குடிப்பழக்கம் குறைந்தது. 2 ஆண்டுகள் வரை பலன் இருந்தது. இந்த முடிவு 2013-இல் வெளியானது.

நம் பெங்களூரிலும் ஆராய்ச்சி நடந்தது. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிலையம் அதில் முன்னின்றது. 6 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் குணம், மூளை வளர்ச்சி, வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். குணத்தை மட்டும் பார்த்தால் போதாது. வீட்டையும் தெருவையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

துணிந்தவனைக் கபடிக்கு அனுப்புங்கள். அவசரக்காரனுக்கு, "பத்து எண்ணிவிட்டுச் செய்" என்று பழக்குங்கள். பயந்தவனிடம், "படபடப்பு தானே அடங்கும், மெதுவாக மூச்சு விடு" என்று சொல்லுங்கள். நம்பிக்கை இழந்தவன் பக்கத்தில் உட்காருங்கள். அவன் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

"செத்துப்போகலாம் போல இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால் தாமதிக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். 2022-இல் தொடங்கிய அரசின் மனநல உதவி எண் இது. கட்டணம் இல்லை. இரவும் பகலும் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பார்கள். அது பழக்கத்தைப் பற்றிய பேச்சு. குணம் வேறு, பழக்கம் வேறு. குணம் பிள்ளையோடு வளர்கிறது. அது நல்ல பழக்கமாவதும் கெட்ட பழக்கமாவதும் நாம் காட்டும் வழியைப் பொறுத்தும் இருக்கிறது.

பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அவன் நால்வரில் யார் என்று பாருங்கள்.